மூன்றாவது ஆள்

கண்டக்டரம்மாவுக்குத் தலை எண்ணுவது வேலையல்ல, வியாதி. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் எண்ணிய பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வீட்டில் எண்ணுவார், ஆஸ்பத்திரி வாசலில் எண்ணுவார், கண்ணாடியைப் பார்த்தால் 'ஒண்ணு' என்பார். அவரைப் போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்டார்கள். வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகளுக்குப் போய், என்ன குறை என்று கேட்டு, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதி வரவேண்டும்.

நாலாம் மாடி வீடு ஒன்றில்தான் சறுக்கினார். போன மாதம் அங்கே கதவு ஒரு ஜாண்தான் திறந்தது. கண்டக்டர் கண்ணுக்கு அது போதாதா? மூன்று ஜோடிக் காலணி, அதில் ஒன்று ஊரே முகம் பார்க்கலாம் போல மினுங்கும் ஆண் பூட்ஸ். கொடியில் சொட்டச் சொட்ட ஓர் ஆண் சட்டை. கீழ்வீட்டுக்காரர் வேறு, "சாயங்காலமானா மேல ஒரு ஆம்பளை நடக்கிறான். என் கூரை இன்னும் நிக்கிறதே பெரிசு" என்றார். கண்டக்டரம்மா 'மூன்று' என்று எழுதிவிட்டார்.

அரசாங்கக் காகிதத்திலோ இரண்டே பேர், தாயும் மகளும். யாரையோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் கிளம்பியது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கை சரியாகாவிட்டால் இருவரும் இங்கே தங்குவதற்கான அனுமதி ரத்து.

வெள்ளிக்கிழமை காலை அவரோடு படியேறிய போலீஸ்காரருக்கு 'ஒட்டகம்' என்று பெயர். அவர் தலையை இடிக்காத நிலைப்படி அந்த ஊரில் இல்லை.

"தம்பி, தொப்பியைக் கழட்டு. அந்தம்மா யூனிஃபார்மைப் பார்த்தாலே நடுங்குது."

"கழட்டினா வழுக்கையைப் பார்த்து நடுங்குவாங்கக்கா. பரவாயில்லையா?"

கழற்றினார். தாய் கதவைத் திறந்தாள். மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலி. ஜன்னலோரம் இருந்ததில் கண்டக்டரம்மா உட்காரப் போனார்.

"அங்க வேணாம் ஆன்ட்டி," என்றாள் பதினோரு வயது மகள், மெதுவாக.

தேள் கொட்டியதுபோல எழுந்துகொண்டார். "அவர் எங்கம்மா?"

தாய் உள்ளறையைக் காட்டினாள். விரித்த படுக்கை, நடுவில் குழிந்த தலையணை. ஆள் இல்லை. கண்டக்டரம்மா எண்ணிப் பார்த்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, காலி அறை சைபராக வரமாட்டேன் என்றது.

"அம்மாதான் அந்த பூட்ஸைப் போட்டுட்டு நடப்பாங்க," என்றாள் மகள். "அப்பா வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு. அவர் அளவு பார்த்து இங்கதான் வாங்கினோம்."

ஒட்டகம் ஒரு படிவத்தை நீட்டினார். "அப்ப ரெண்டு பேர்தான். 'இந்த வீட்டில் அப்படி ஒருவர் இல்லை'ன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து, முடிஞ்சுது."

தாய் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"எங்க நாட்டுலயும் இதே வரிதான். போலீஸ் அவரை வாசல்ல பிடிச்சு வெச்சுக்கிட்டு, இப்படி ஒருத்தர் இல்லன்னு எழுதிக் குடு, விட்டுடறோம்னாங்க. குடுத்தேன். அதுக்கப்புறம் எந்த ஸ்டேஷன்ல கேட்டாலும் என் கையெழுத்தைத்தான் காட்டினாங்க. இன்னொரு தடவை அவரை நான் இல்லாம ஆக்க மாட்டேன். வேணும்னா எங்களைத் திருப்பி அனுப்புங்க."

உள்ளறைப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"தம்பி," என்றார் கண்டக்டரம்மா, "டிக்கெட் வாங்கினவர் பாதி வழியில இறங்கிப் போனாலும் என் தாள்ல இருப்பார். ஆளே ஏறலன்னு எழுதினா நான் கண்டக்டரே இல்ல. வீட்டில் இருவர், குடும்பத்தில் மூவர்னு போடு."

"அதுக்குப் படிவத்துல இடமில்லையேக்கா."

"ஓரத்துல இவ்வளவு வெள்ளை விட்டிருக்கானே, யாருக்கு?"

ஒட்டகம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தரைக் காணோம்னு எழுதினா, தேடச் சொல்லிப் புகாரும் பதியணும்."

"பதியேன். வேற என்ன வேலை உனக்கு?"

"பேர் வேணுமே."

தாய் மகளைப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்தே அவர் வீட்டில் 'அப்பா' மட்டும்தான். பிறகு தாய் பெயரைச் சொன்னாள், அடுத்த அறையில் தூங்குகிறவரை எழுப்பிவிடாத குரலில். ஒட்டகத்துக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள். மகள் அந்தப் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஒட்டகம் எழுதி முடித்ததும் தாய் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள்.