குமுதினியின் சுவர்

வாசல் மணி அடித்தபோது குமுதினி அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு அழுகை நன்றாக வந்திருந்தது. கட்டில் விளிம்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து, மேசையிலிருந்த மடிக்கணினியின் கமராவைப் பார்த்து, "அப்பா, போன் எடுத்துக் கதைக்காமல் வைக்கிறது நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைக்கிற இடம்.

"நல்ல அழுகை. வீணாப் போச்சு," என்று எழும்பினான் கிருஷாந்த்.

"திரும்பவும் அழுவன். போய் ஆரெண்டு பார்," என்றாள் மயூரா, ஒரு சொட்டு அழுகையும் இல்லாத குரலில்.

குமுதினி என்று உலகத்தில் ஒருத்தியும் இல்லை. கிருஷாந்த் எழுதினான், மயூரா நடித்தாள், அவ்வளவுதான். டென்மார்க்கில் தகப்பனோடு கோபித்துக்கொண்டு தனியே லண்டனுக்கு வந்த பெண். சின்ன அறை ஒன்றில் பாணும் ஜாமும் தின்று காலம் தள்ளுகிறாள். கிழமைக்கு ஒருமுறை கமரா முன்னால் இருந்து தன் பாடுகளைச் சொல்லி இணையத்தில் போடுகிறாள். நாடகம் என்ற சொல் எங்கும் கிடையாது, நடித்தவர் பெயர் கிடையாது. பார்த்தவர்கள் உண்மை என்றே நம்பினார்கள். அதுதான் திட்டம். "நடிப்பு எண்டு ஒருத்தருக்குத் தெரிய வந்தால் அண்டைக்கே குமுதினி செத்தாள்," என்று கிருஷாந்த் முதல் நாளே சொல்லியிருந்தான்.

அவள் சாவது மயூராவுக்கு விருப்பமில்லை. கிழமை முழுக்க வெம்பிளியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, வருகிற எல்லா முகத்துக்கும் "இது உங்களுக்கு வடிவா இருக்கு" என்று சொல்வது அவள் வேலை. ஞாயிறு மத்தியானம் கிங்ஸ்பரியில் அம்மா சமைத்ததை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ரயில் மாறி செவன் கிங்ஸுக்கு வந்து, கிருஷாந்தின் வாடகை அறையில் பட்டினி கிடக்கிற ஒருத்தியாக மாறுவாள். அந்த ஒரு பின்னேரத்துக்காக மற்ற நாட்களைச் சகித்துக்கொண்டாள். வேறு எதற்காகவும் அவள் இப்படிக் காத்திருந்ததில்லை.

அந்த வருடம் எங்கள் வீடுகளில் கணினிகளை யாரும் அணைக்கவில்லை. ஊரில் போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு பார்ப்பதற்குச் செய்தி இல்லாமல் போனது. பார்க்கிற பழக்கம் மட்டும் மிஞ்சியது. அந்தக் கண்களுக்கு முன்னால் குமுதினி வந்தாள். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் இருந்து ஒரே கேள்வி வந்து குவிந்தது: பிள்ளை ஆற்றை மகள்? ஊரில எவடம்? கிருஷாந்த் இதற்கு மட்டும் ஒரு பதிலும் எழுதி வைக்கவில்லை. அது பெரிய பிழை. தகப்பன் பெயரும் ஊரும் தெரியாத ஒரு பிள்ளையை எங்கள் சனம் சும்மா விடாது. தானே ஒரு தகப்பனையும் ஊரையும் தேடிக் கொடுத்துவிடும்.

கீழே கதவு திறந்தது. ஒரு பெண் குரல் கேட்டது.

"குமுதினி நிக்கிறாவோ?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை, அன்ரி. வீடு மாறி வந்திட்டியள்," என்றான் கிருஷாந்த்.

"மாறேல்லை," என்றது ஓர் ஆண் குரல். "மேல் மாடி, முன்னறை. நீலப் பூப் போட்ட வோல்பேப்பர். ஒட்டினது நான்."

மயூரா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பெரிய பெரிய நீலப் பூக்கள். அவள் தலைக்கு நேர் பின்னால் ஒரு பட்டை மட்டும் தலைகீழாக ஒட்டியிருந்தது. அதில் பூக்கள் எல்லாம் கீழே தொங்கின. ஒஸ்லோவில் ஒருவர் அதைக் குமுதினியின் வாழ்க்கைக்கு உவமை என்று நீளமாக எழுதியிருந்தார். கிருஷாந்த் அதைப் படித்துவிட்டு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

படியில் காலடி ஏறி வந்தது. முன்னால் வந்தவர் விஜயரத்தினம். ஜேர்மனியில் பெயின்ற் வேலை பழகி, பிறகு பக்கத்து இல்ஃபோர்ட்டுக்கு வந்து வீடு திருத்துகிற தொழில் செய்பவர். ஒரு கையில் பசை வாளி, மறு கையில் சுருட்டிய கடதாசி. பின்னால் அவர் மனைவி சுசிலா, அடுக்குச் சாப்பாட்டுக் கரியரோடு. அவ பாதிப் படியில் நின்று கிருஷாந்தைப் பிடித்துக்கொண்டா.

"நீர் ஆர்?"

"நான் இந்த ரூமில இருக்கிறன்."

"அந்தப் பிள்ளையும் இந்த ரூமிலதான் இருக்குது."

"ஓம்... இல்லை, அன்ரி..."

"ஓமோ, இல்லையோ?"

உண்மையைச் சொன்னால் குமுதினி போய்விடுவாள். சொல்லாவிட்டால், தனியே இருக்கிற பெண்ணை அறையில் வைத்திருக்கிற காவாலி என்று இரவுக்குள் இல்ஃபோர்ட் முழுக்கத் தெரிந்துவிடும். கிருஷாந்த் வாயைத் திறந்தபடி நின்றான். எழுதிக் கொடுக்க அவனுக்கு ஆளில்லை.

மயூரா அறை வாசலுக்கு வந்தாள். "இது என்ரை ரூம்தான், அன்ரி," என்றாள் குமுதினியின் மெல்லிய குரலில். "அவர் பயத்தில மாறிச் சொல்லிப்போட்டார், அவற்றை ரூம் கீழை. எனக்கு இன்ரநெற் பூட்டித் தர வந்தவர்."

சுசிலா கரியரைக் கீழே வைத்துவிட்டு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தா. "என்ரை ஐயோ! வீடியோவில பாக்கிறதை விட இன்னும் மெலிஞ்சு போனாய், பிள்ளை."

அந்த மாதம்தான் மயூராவுக்குப் பாவாடையின் கொளுக்கி பூட்டாமல் போயிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கரியர் திறந்தது. குத்தரிசிச் சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னர்தான் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்ட வயிறு அவளுடையது. குமுதினியோ நாட்கணக்காய்ப் பாண் தின்றவள். மயூரா குமுதினியைப் போலச் சாப்பிட்டாள். முதல் கவளத்தை அவசரமாக, இரண்டாவதை வெட்கத்தோடு. தன் வாழ்க்கையில் இதை விட நன்றாக நடித்ததில்லை என்று அவளுக்கே பட்டது. கமரா ஓடவில்லையே என்று கவலையாகவும் இருந்தது.

விஜயரத்தினம் பெண்ணைப் பார்க்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இஞ்சேர் சுசிலா, இந்தத் துண்டுதான். வேறை ஒரு வேலைக்கு ஓடுற அவசரத்தில ஒட்டினது. இப்ப உலகம் முழுக்கப் பாக்குது."

"உலகம் பிள்ளையைப் பாக்குதப்பா. உங்கடை சுவரை ஆர் பாத்தது?"

"நான் பாத்தனான். சுவரைக் கண்டபடியாத்தானே வீட்டைக் கண்டுபிடிச்சனாங்கள்."

சுசிலா பிள்ளையின் தட்டுப் பக்கம் திரும்பினா. சோறு இன்னொரு அகப்பை விழுந்தது. "சாப்பிட்டிட்டு உடுப்பை அடுக்கு," என்றா. "எங்கடை மகள் கலியாணம் கட்டிப் போயிட்டாள், அவளின்ரை அறை சும்மா கிடக்கு. அப்பரோட நான் கதைக்கிறன்."

"எந்த அப்பர்?" என்றான் கதவோரம் நின்ற கிருஷாந்த்.

"உமக்கென்ன? நீர் இன்ரநெற்றைப் பூட்டும்." சுசிலா கைப்பையிலிருந்து போனை எடுத்தா. "பிள்ளை, வீடியோ பாக்கிற பெண்டுகள் நாங்கள் எல்லாரும் சேர்ந்து உன்ரை அப்பரைக் கண்டுபிடிச்சிட்டம். டென்மார்க்கில ஹேர்னிங்கில ஞானரட்ணம் எண்டு ஒருத்தர். கோவிச்சுக்கொண்டு போன மகள் இருக்குதாம். உன்ரை மூக்கு அச்சடிச்ச மாதிரி அவற்றை மூக்காம். கொம்ப்யூட்டர் தெரியாத மனுசன், பாவம், ஒண்டும் அறியேல்லை. நம்பர் எடுத்திட்டன்."

மயூராவின் கை தட்டிலேயே நின்றது. சுசிலா அதற்குள் நம்பரை அடித்துவிட்டா. சின்ன அறை; மணி போகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒருதரம். இன்னொருதரம். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு மனிதர் கதிரையிலிருந்து எழும்பிப் போனை நோக்கி நடக்கிறார். அவரைக் கிருஷாந்த் எழுதவில்லை.

"வையுங்கோ, அன்ரி! நான் குமுதினி இல்லை."

சுசிலா பார்த்தா.

"நடிப்பு. எல்லாம் நடிப்பு. என்ரை பேர் மயூரா. அம்மா அப்பா கிங்ஸ்பரியில சுகமா இருக்கினம். முதல் போனை வையுங்கோ."

சுசிலா போனை வைத்தா. கிருஷாந்த் கண்ணை மூடிக்கொண்டான். சுசிலாவின் கண் போனிலிருந்து மயூராவுக்கும், மயூராவிலிருந்து முக்கால்வாசி முடிந்த தட்டுக்கும் போனது.

"அப்ப மத்தியானம் நீ சாப்பிட்டனியே?"

"ஓம். ஆட்டிறைச்சி."

"பிறகு இவ்வளத்தையும் என்னெண்டு சாப்பிட்டாய்?"

"கஷ்டப்பட்டுத்தான், அன்ரி."

விஜயரத்தினம் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "அப்ப இந்த அறையில சுவர் மட்டும்தான் உண்மை!"

"நீங்கள் வாயை மூடுங்கோ." சுசிலா கிருஷாந்தின் பக்கம் திரும்பினா. "எழுதினது ஆர்? நீரோ?"

"ஓம்."

"மூண்டு மாசமா ஒரு பெட்டை தனிய இருந்து அழுகுது. ஒருத்தரும் வந்து கதவைத் தட்டேல்லை. ஒரு மாமி இல்லை, ஒரு பக்கத்து வீட்டுச் சனம் இல்லை. அப்பிடித்தானே எழுதினீர்? நாங்கள் என்ன, அவ்வளவு கெட்ட சனமே?"

"எனக்கு ஒருத்தரும் தட்டேல்லை, அன்ரி," என்றான் கிருஷாந்த். முறைப்பாடாகச் சொல்லவில்லை, நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். "பிரான்சில இருந்து வந்து மூண்டு வருசம். இந்த அறைதான்."

"நீர் இணையத்தில அழுதனீரே, எங்களுக்குத் தெரிய?" என்றா சுசிலா. ஆனால் குரல் பழைய சூட்டில் இல்லை. கரியரின் மிச்சத்தை மூடியில் கொட்டி அவன் கையில் கொடுத்தா. "இந்தாரும், சாப்பிடும். ஏச்சு முடியேல்லை. சாப்பிட்ட பிறகு மிச்சம்."

அப்போது போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். சுசிலா அதை எடுத்துக்கொண்டு படிக்குப் போனா. திரும்பி வந்தபோது அவவின் முகத்தில் அசடு வழிந்தது.

"அந்த மனுசன்ரை மகள் ஒஸ்லோவில கலியாணம் கட்டி இருக்கிறாளாம். முந்தநாளும் கதைச்சவளாம். ஆர் உங்களுக்கு இந்த விசர்க்கதை சொன்னது எண்டு கேக்கிறார்."

"மூக்கு?" என்றார் விஜயரத்தினம்.

"மூக்கைப் பற்றி நான் கேக்கேல்லை."

முதலில் சிரித்தது கிருஷாந்த், வாயில் சோற்றோடு. பிறகு எல்லோரும்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை கலாவதி. என்ன நடந்தது என்று கேட்கக் காத்திருக்கிற பெண்களில் ஒருத்தி. சுசிலா எடுக்காமல் அடிக்க விட்டா. "இவைக்கு நான் இப்ப என்ன சொல்ல? பிள்ளை பொய் எண்டு சொல்லத்தானே வேணும்?"

மயூரா கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலில் இருந்தாள். அவள் பயந்துகொண்டிருந்த நாள் வந்துவிட்டது. ஆனால் அந்தப் போன் மணிச் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"சொல்லுங்கோ. ஆனால் நாங்களே முதல் சொல்லுறம்," என்றாள். "அன்ரி, நீங்கள் திரும்பப் போய் வாசல் மணியை அடியுங்கோ. வந்த மாதிரியே வாங்கோ. நாங்கள் எடுக்கிறம். கடைசியில எல்லாற்றை பேரும் போடுவம்."

"பேர் போட்டால் முடிஞ்சுது, மயூரா," என்றான் கிருஷாந்த். "நான் சொன்னனான் தானே."

"முடிஞ்சால் முடியட்டும். ஆற்றையோ அப்பாவுக்கு மணி அடிக்கிற அளவுக்கு எனக்கு இது வேண்டாம்."

கிருஷாந்த் மூடியை வைத்துவிட்டுக் கமராவைத் திருப்பினான்.

சுசிலாவுக்கு நடிக்க வரவில்லை. முதல் தடவை உள்ளே வந்ததும் கமராவைப் பார்த்து வணக்கம் சொன்னா. அடுத்த தடவை, "குமுதினி" என்பதற்குப் பதிலாக "மயூரா" என்றா. கடைசியில் எல்லாவற்றையும் மறந்து, கிருஷாந்தை உண்மையாகவே ஏசத் தொடங்கியபோதுதான் சரியாக வந்தது. விஜயரத்தினம் கடதாசிச் சுருளோடு பின்னால் நின்றார். அந்தப் பட்டையை உரிக்கவேண்டாம், போன பகுதிகளோடு ஒத்து வராது என்று கிருஷாந்த் கெஞ்சியதால் வாளியைத் திரும்பக் கொண்டுபோனார். போகும்போது சுவரை இன்னொருமுறை பார்த்துத் தலையை ஆட்டினார்.

அந்தப் பகுதியின் முடிவில் எழுத்து ஓடியது: இது ஒரு நாடகம். குமுதினி – மயூரா. கதவைத் தட்டியவர் – சுசிலா. கதை – கிருஷாந்த். சுவர் – விஜயரத்தினம்.

மறுநாள் கடையில் மயூரா பின்னறைக்குப் போகும்போதெல்லாம் போனில் கருத்துகளைப் பார்த்தாள். ஏச்சு வரும் என்று எதிர்பார்த்தாள். அதை விட, ஒன்றுமே வராமல் போகும் என்று பயந்தாள்.

ரொறன்ரோ எழுதியது: தகப்பன் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயத்தில் பிள்ளை பேரை மாற்றிப் போட்டிருக்கிறது, கெட்டிக்காரி. பாரிஸ் எழுதியது: நாடகம் என்று சொன்னால் நம்புவதற்கு நாங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா? ஒஸ்லோ, தலைகீழ்ப் பூக்களைப் பற்றி இன்னொரு பந்தி எழுதியது. எல்லாவற்றுக்கும் கீழே இல்ஃபோர்ட்டிலிருந்து கலாவதி, அடித்துச் சொல்வது போல எழுதியிருந்தா: "சுசிலாக்காவை எனக்கு இருபது வருசமாத் தெரியும். அவவுக்கு நடிக்கத் தெரியாது. ஆனபடியால் இது உண்மை."

மயூரா அதை இரண்டுமுறை வாசித்தாள். பிறகு வெளியே போய், பொருந்தாத கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற ஒரு மனிதரிடம், "இது உங்களுக்கு வடிவா இல்லை" என்றாள். அவர் நன்றி சொல்லி வேறொன்றை எடுத்தார்.

கிருஷாந்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. சுசிலா அன்ரி இந்த ஞாயிறும் வருகிறாவாம், நண்டு கொண்டு வருகிறாவாம், அடுத்த பகுதியில் தனக்கு இன்னும் கொஞ்சம் வசனம் வேண்டுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மயூரா வீட்டில் மத்தியானம் சாப்பிடாமல் ரயில் ஏறினாள்.