சம்பந்திக்கு முதுகு காட்டாதவர்

1.

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல, ஒட்டுக்கேட்டது. நாரின் என்ற மலையூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் குடல்வால் எடுத்துவிட்டுப் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் நடந்தது.

முதல் வரி: 'படுக்கைப்புண் என்பது அழுத்தத்தால் இரத்தம் ஓடாத...' (அடித்துவிட்டேன். பாடம் படிக்கவா கதைக்கு வருகிறீர்கள்?)

2.

நர்ஸ் பூருல்சா அந்தக் கட்டிலின் அட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஜாங்கராச், வயது எழுபத்தொன்று, லாரி ஓட்டி ஓய்ந்தவர். சர்க்கரை வேறு. எலும்பும் தோலுமான உடம்பு. உடைந்த இடது இடுப்பைச் சரிசெய்ய ஆறு மணி நேரம் மேசையில் அசையாமல் கிடந்திருக்கிறார். புண் வர வேறென்ன வேண்டும்? அடிக்கடி வலப்பக்கம் திருப்பிவிட்டால்தான் முதுகு தப்பும்.

(அட்டையில் இல்லாத காரணம் ஒன்று உண்டு: மரியாதை. அதற்குக் கட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை.)

3.

விருந்தாளிகளுக்கான பெஞ்சு இடப்பக்கம், ஜன்னலோரச் சுவரோடு பதித்திருந்தது.

"ஐயா, வலப்பக்கம் திரும்புங்க."

"சம்பந்தி மலையெறங்கி வந்திருக்காரு. அவருக்கு முதுகக் காட்டவா?"

"முதுகு அழுகிப் போனா அப்புறம் எதக் காட்டுவீங்க?"

"நாங்க வேணா வெளிய நிக்கிறோமே," என்று சம்பந்தி எழுந்தார்.

"நான் செத்தப்புறம் நில்லுங்க. இப்ப உக்காந்து டீயக் குடிங்க சம்பந்தி!"

ஒரு கூட்டம் போனால் இன்னொன்று வந்தது. இரண்டு நாள் மல்லாந்தே கிடந்தார்.

4.

'கதைசொல்லி முதல் நாளே எழுந்து, "என் கட்டில்ல உக்காருங்க" என்றான்.' இப்படி ஒரு வடிவம் எழுதினேன். அழகான பொய். வலப்பக்கம் இருந்தது என் கட்டில்தான். சத்தத்துக்குப் பயந்து, இரண்டு நாளும் தூங்குவதுபோல் நடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் பூருல்சா என் போர்வையை இழுத்தாள்.

"நடிச்சது போதும். கால மடக்குங்க, சம்பந்தி உக்காரட்டும்."

சம்பந்தி என் கால்மாட்டில் உட்கார்ந்தார். ஜாங்கராச் மறுபேச்சில்லாமல் எங்கள் பக்கம் திரும்பினார். "இப்பத்தான் உங்க மூஞ்சி நல்லாத் தெரியுது," என்று சிரித்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் பூருல்சா குனிந்தாள்.

"வால் எலும்புகிட்ட செவந்திருக்கு."

விரலால் அழுத்தினாள். எடுத்ததும் அந்த இடம் வெளுத்தால் வந்த வினை திரும்பிப் போகும். சிவப்பாகவே இருந்தால், உள்ளே சதை கெடத் தொடங்கிவிட்டது.

5.

அவள் விரல் இன்னும் அங்கேயே இருக்கிறது. நான் எழுதினால் எனக்கு வசதியான நிறத்தைத்தான் எழுதுவேன். அந்த விரலை நீங்கள் எடுங்கள்.