எரியாத விளக்கின் எட்டு ஓம்

ஆறு மணிக்கு நாடகம். மூன்று மணிக்கு அண்ணன் சாக்பீஸை எடுத்து மேடைத் தரையிலேயே கணக்குப் போட்டான். தாளில் போட்டால் ஒருவரும் மதிப்பதில்லை என்பது அவன் அனுபவம்.

"விளக்கோட ரெசிஸ்டன்ஸ் எட்டு ஓம். வோல்ட் இருநூத்தி முப்பது. வகுத்தா இருபத்தெட்டே முக்கால் ஆம்பியர். அத மறுபடி வோல்ட்டால பெருக்கினா ஆறாயிரத்து அறுநூறு வாட். ஒரே ஒரு விளக்குக்கு!"

"அதனால?" என்றார் டைரக்டர்.

"அதனால ஒண்ணுகூடப் போட முடியாது. இந்த ஹாலோட பிரேக்கர் பதினாறு ஆம்பியர்தான். விழுந்துடும்."

அந்த பிரேக்கர் கீழ்த்தளத்து மரச்சாமான் கிடங்கில் இருந்தது. கிடங்கை ஐந்தரைக்குப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விழுந்தால் மறுநாள் காலைவரை இருட்டுதான்.

அண்ணன் ஃபேனும் இஸ்திரிப் பெட்டியும் பழுது பார்க்கிறவன். குழுவின் விளக்குப் பொறுப்பும் அவனுடையது. மூடிப்போன போட்டோ ஸ்டுடியோ ஒன்றிலிருந்து ஆறு பெரிய விளக்குகள் கொண்டுவந்திருந்தான். எத்தனை வாட் என்று எழுதியிருந்த இடம் ஆறிலும் கருகிப்போயிருந்தது. அதனால்தான் மீட்டரை வைத்து அளந்தான். ஆறும் எட்டு ஓம்.

"டியூப்லைட்லயே நடத்திடலாம்" என்றார் அரசனாக நடிக்கும் பல் டாக்டர். "என் குரல் போதும்."

"உங்க குரலுக்கு இருட்டே போதும் டாக்டர்" என்றாள் தங்கை. "எனக்குப் போதாது."

அவள் தையல் கடைக்காரி. ஏழு வருடமாக இந்தக் குழுவில் தட்டு ஏந்திக்கொண்டு வந்து போகிறவள். இந்த முறைதான் கடைசிக் காட்சி முழுவதும் அவளுடையது: பத்து நிமிடம் தனியாக நிற்க வேண்டும். வசனம் கிடையாது. எல்லாம் முகம். அதைக் கேட்டு அவள் கணவன், "பத்து நிமிஷம் நீ பேசாம இருப்பியா? எங்க ஆபீசையே கூட்டிட்டு வரேன்" என்று சொல்லியிருந்தான். கூட்டி வரவும் போகிறான். அந்த டியூப்லைட்டில் கடைசி வரிசைக்காரர்களுக்கு அவள் மூக்கு எது, காது எது என்றே தெரியாது.

"அண்ணா, நேத்து உன் கடையில ஒரு விளக்கப் போட்டுப் பாத்தேல்ல? அங்க எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ்?"

"அஞ்சு."

"இருபத்தெட்டு ஆம்பியர் போச்சுன்னா அது ஏன் போகல?"

அண்ணன் யோசித்தான். "அது நல்ல ஃப்யூஸ்."

"உன் தலை. அளக்கும்போது விளக்கு எரிஞ்சுதா?"

"எரியறப்ப எவனாவது ஓம் பாப்பானா? மீட்டர் செத்துடும்."

"புதுத் துணிய அப்படியே அளந்து தச்சுக் குடுத்தா, ஒரு தண்ணி பட்டதும் சட்டை பனியன் ஆயிடும். நனைச்சு, சுருக்கி, அப்புறம்தான் டேப்ப எடுப்பேன். எரியாத விளக்க அளந்துட்டு எரியறதுக்குக் கணக்குப் போடறியே. சூடானா அது வேற ஆளு இல்லையா?"

"அப்போ ஓம் விதி பொய்யா?" என்று டைரக்டர் கவலையோடு கேட்டார். அவருக்கு ஏற்கெனவே பல விஷயங்களில் நம்பிக்கை போயிருந்தது.

"விதி சரிதான்" என்றான் அண்ணன். மெதுவாக எழுந்தான். முகம் சிவந்திருந்தது.

ஒரு விளக்கை மட்டும் போட்டான். பிரேக்கர் விழவில்லை. கம்பியைக் கவ்விப்பிடித்து ஆம்பியர் காட்டும் மீட்டரை, விளக்குக்குப் போகிற ஒற்றைக் கம்பியில் மாட்டினான். இரண்டு புள்ளி இரண்டு ஆம்பியர். பழைய கணக்கைக் காலால் தேய்த்துவிட்டுப் புதிதாக எழுதினான். இருநூற்று முப்பதை இரண்டு புள்ளி இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய நூற்றைந்து ஓம். பெருக்கினால் ஐந்நூற்று ஆறு வாட். ஆறு விளக்குக்கும் சேர்த்துப் பதின்மூன்று சொச்சம் ஆம்பியர்.

"தாங்கும். நான் சொன்னேன்ல" என்றான்.

"எப்போ சொன்ன?"

"இப்போ."

பல் டாக்டர் துள்ளினார். "அப்போ நான் கர்ஜிச்சுட்டே வரும்போது ஆறையும் ஒரே தட்டுல போடுங்க!"

"முடியாது. போட்ட முதல் நொடி எல்லாமே ஆறிப்போன விளக்குதான். அந்த நொடிக்கு எட்டு ஓம் நிஜம். ஆறும் சேந்தா நூத்தி எழுபது ஆம்பியர் இழுக்கும். ஒண்ணுன்னா அந்த ஒரு நொடிய பிரேக்கர் பொறுத்துக்கும். ஒண்ணொண்ணாத்தான்."

"அரசன் தவணையில வர்றதா?"

டைரக்டர் டாக்டர் பக்கம் சாய்ந்தார். டைரக்டரின் கடைவாய்ப் பல்லுக்கு அடுத்த வாரம் டாக்டரிடம்தான் வேர் சிகிச்சை இருந்தது. "ஒரே தட்டு" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ஆறு மணிக்கு ஹால் நிரம்பியது. கிடங்கு பூட்டியாகிவிட்டது. டாக்டர் வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தார். அண்ணன் ஒரு சுவிட்சைத் தட்டினான். அரசனின் முழங்கால் தெரிந்தது. இரண்டு நொடி விட்டு அடுத்தது. தொப்பை தெரிந்தது. மூச்சு முட்ட டாக்டர் கர்ஜனையை நீட்டிக்கொண்டே போனார். ஆறாவது விளக்கு முகத்தில் விழுந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு கீச்சு மட்டும். ஹால் குலுங்கியது. மேடை ஓரத்திலிருந்து டைரக்டர் பல்லைக் கடித்தார். உடனே வலியில் துடித்தார்.

கடைசிக் காட்சி. தங்கை வந்து நின்றாள். அண்ணனின் கண் மீட்டரிலேயே இருந்தது. பதின்மூன்று புள்ளி ஒன்று. பதின்மூன்று புள்ளி இரண்டு. முன்வரிசையில் எவனோ இருமிக்கொண்டிருந்தான். அப்புறம் இருமல் நின்றுவிட்டது. நாற்காலிகளின் முனகலும் நின்றது. என்ன ஆயிற்று என்று அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

பார்த்தவன் பார்த்தபடியே இருந்தான். பத்து நிமிடம் முடிந்தது. விளக்கை அணைக்க வேண்டும். மறந்துவிட்டான்.

தலையை அசைக்காமல், உதட்டை அசைக்காமல், தங்கை கண்களை மட்டும் மெல்ல அவன் பக்கம் திருப்பினாள். அவளுக்குத் தெரிந்த அத்தனை வசவும் அந்தப் பார்வையில் இருந்தது. நாடகத்தின் உச்சமே அதுதான் என்று நினைத்து ஹால் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் அவள் கணவன் பக்கத்திலிருந்தவனிடம், "இது நடிப்பில்ல, எனக்குத் தெரியும்" என்று கிசுகிசுத்துக்கொண்டே எல்லோரையும்விட பலமாகத் தட்டினான்.