இடப்பக்க ஸ்பீக்கர்

லெப்பைக்குடிக்காட்டில், தன் வீட்டு மாடி அறையில் மர்ஜியா ஒலி நாடகங்களுக்கு மிக்ஸிங் செய்கிறாள். இடப்பக்கம் குரல் அமுங்கியிருக்கிறது என்று சென்னை கம்பெனி இரண்டாவது தடவையும் வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டது.

எரிச்சலோடு ஃபேனை நிறுத்தினாள். சத்தத்தை அளக்கும் மீட்டரைத் தான் உட்காரும் இடத்தில் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரே இரைச்சலைத் தனித்தனியாக ஓட்டினாள். இடது மூன்று டெசிபல் கூடுதல்; அதை நம்பித்தான் இடப்பக்கக் குரலை அவள் குறைத்து வைத்திருக்கிறாள். அந்த ஸ்பீக்கரின் ஒலித் திருகைக் குறைத்ததும் அளவு சமமானது. ஆனாலும் மூலையில் இரும்பு பீரோவை ஒட்டி நின்ற அந்த ஸ்பீக்கர் கும்மென்றே ஒலித்தது.

மாமியார் ஜைனம்பு மேலே வந்தார். "என்ன புள்ள, எண்ண காயற மாதிரி சத்தம்?"

"மாமி, இந்த பீரோவக் கீழ எறக்கிடலாமா? சத்தம் அதுல மோதித் திரும்புது."

"கீழ எங்க எடம் இருக்கு? ஹஸ்ஸான் வரட்டும், பேசிக்கலாம்."

கணவன் ஹஸ்ஸான் துபாயிலிருந்து வர அடுத்த ரமலான் ஆகும். மர்ஜியா ஸ்பீக்கர்கள் இருந்த மேசையைத் தனியாளாக இழுத்து, எதிர்ச்சுவரின் நடுவே ஜன்னலை மறைத்துப் போட்டாள். இரண்டு திருகுகளையும் ஒரே நிலையில் வைத்து மறுபடி அளந்தாள். இரண்டும் ஒரே அளவு காட்டின, கும்மென்ற ஒலியும் அடங்கியிருந்தது.

ஃபேனை மறுபடி போட்டாள்; காற்று மட்டும் அங்கே எட்டவில்லை. கழுத்து வியர்வையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, திரும்பி வந்த நாடகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.