தொட்டி மணி செய்த கை

"அதைக் கீழ வைடி!"

அப்பா போட்ட சத்தத்தில், கடல் தாண்டி இருந்த எனக்கே காது அடைத்தது. போனில் வீட்டுக்கூடம் தெரிந்தது. அக்காவின் கையில் ஸ்க்ரூடிரைவர். அவள் முன்னால் தரையில் பாகம் பாகமாகக் கிடந்தது மின்விசிறி.

"பிரிச்சா மறுபடி மாட்டத் தெரியணும்."

"மாட்டத் தெரியாமயா பிரிச்சேன்?"

"வாய் மட்டும் நல்லா ஓடுது. டேய், நீயே கேளுடா இந்தக் கூத்த!"

கூத்து இதுதான். தெருமுனை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு பட்டறை தொடங்குகிறார்கள். வீட்டுச் சாமான்களைப் பிரித்து, எது எப்படி ஓடுகிறது என்று பார்த்து, பிறகு அவரவரே புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும். வயசு, படிப்பு எதுவும் கேட்க மாட்டார்களாம். சொல்லித்தர ஆள் தேடியபோது அக்கா தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"பத்தாவதோட நின்னவ பாடம் எடுக்கப் போறாளாம். தெருவே சிரிக்கும். நம்ம வீட்டு இஞ்சினியர் சொல்லட்டும், இவளுக்கு இதெல்லாம் வருமான்னு. வரும்னா போகட்டும்."

இஞ்சினியர் என்றது என்னைத்தான். ஒரு கிடங்கில், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, கோணலாக வரும் பெட்டியை நேராக்கி விடுகிற இஞ்சினியர்.

அப்பாவின் தலைக்கு மேலே, சுவரில், சட்டம் போட்ட என் சான்றிதழ். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசு. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மணி அடிக்கும் கருவி. காலி ஷாம்பு பாட்டில், இரண்டு ஒயர், பழைய காலிங்பெல் என்று தேடி எடுத்துச் செய்தவள் அக்கா.

"அவ பேர்ல பரிசு வந்து என்ன ஆகப்போகுது? தம்பி பேர்ல குடு, படிப்புக்காவது உதவும்" என்று அம்மாதான் சொன்னாள். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. கண்காட்சியில் நடுவர் கேள்வி கேட்டபோது எந்த ஒயர் எங்கே போகிறது என்று எனக்கு மறந்துவிட்டது. கூட்டத்துக்குள் நின்று அக்கா விரலால் காட்டினாள். அந்த விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் பரிசு வாங்கினேன். அதற்குப் பிறகு நான் பெரிய படிப்புக்குப் போனேன். அவள் அடுப்படிக்குப் போனாள்.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அந்தச் சான்றிதழை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? சுவரில் ஒரு ஆணிதான் இருக்கும்.

"கொஞ்சம் கஷ்டம்தான்ப்பா. தியரி எல்லாம் தெரிஞ்சிருக்கணும்" என்றேன்.

தியரி! எனக்கும் அதற்கும் கல்லூரி முதல் வருஷத்திலேயே பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

அக்கா என்னையே பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை காலை இயந்திரம் மக்கர் பண்ணியது. இதற்கு என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படம் எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போவேன். அக்காவுக்கு அனுப்புவேன். அவள் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு, ரொம்ப யோசித்தவன் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டே வெளியே வருவேன். இதனால் மேற்பார்வையாளர் எனக்கு வைத்த பட்டப்பெயர், மூளை.

அன்றைக்கும் அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"எனக்கு இதெல்லாம் வராதுன்னு இஞ்சினியர் சார் சொல்லிட்டாரு. தியரிகிட்ட கேட்டுப் பாருங்க சார்."

மூளை கழிவறை மூடிமேல் உட்கார்ந்தது. வெளியே கதவைத் தட்டினார்கள். குடும்பக் குழுவைத் திறந்து, மைக்கை அழுத்தினேன்.

"அப்பா, அந்தச் சான்றிதழக் கழட்டிடுங்க. தொட்டி மணி செஞ்சது அக்கா. நான் அத தூக்கிட்டுப் போனதோட சரி. இங்க மெஷின் நின்னாலும் அக்காதான் சரி பண்றா, நான் முறுக்கி விடற கை மட்டுந்தான். அவளுக்கு வரும்ப்பா. எனக்குத்தான் வராது."

வெளியே வந்து மேற்பார்வையாளரிடமும் "எனக்குத் தெரியாது" என்றேன். மத்தியானத்துக்குள் மூளை போய், பட்டப்பெயர் 'பெட்டி' ஆனது.

வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று போன் காட்டியது. மறுநாள் சாயங்காலம் அப்பா எனக்கு மட்டும் தனியாக அனுப்பினார்.

"விசிறி பிரிச்சது பிரிச்சபடியே கிடக்கு. வீடு வேகுது. எப்படி மாட்டறதுன்னு உங்க அக்காகிட்ட கேட்டு எனக்குச் சொல்லு."

அக்கா அவருக்குப் பத்தடி தள்ளி, அடுத்த அறையில்தான் இருந்தாள்.

கடல் தாண்டி வந்த அந்தக் கேள்வியை, மறுபடி கடல் தாண்டி அவளுக்கு அனுப்பினேன். பதில் வந்தது.

"சனிக்கிழம பத்து மணிக்கு விசிறியத் தூக்கிட்டு நூலகத்துக்கு வரச் சொல்லு. வயசு, படிப்பு எதுவும் கேக்க மாட்டோம்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"நீயும் வீடியோவுல வந்து உக்காரு. கடைசி பெஞ்சு காலியாத்தான் இருக்கு."