நீல முக்கோணங்கள்

அன்று காலை ஏரி முழுவதும் உறைந்து கிடந்தது. முன்பள்ளியில் என்னிடம் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை வரையச் சொல்லியிருந்தேன். அதில் ஒளிந்திருக்கும் வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து வண்ணம் தீட்ட வேண்டும். அதுதான் பாடம்.

"டீச்சர், எங்கப்பா தொப்பை நல்ல வட்டம். அத வரையட்டுமா?" என்றான் வெய்க்கோ.

"அப்பா பொருள் இல்லடா. சாப்பிடுற தட்டை வரை."

பிஹ்லா வீட்டைச் சூடாக்கும் கணப்படுப்பை வரைந்திருந்தாள். அவர்கள் இலையுதிர் காலத்தில்தான் ஹெல்சிங்கியின் அடுக்குமாடி வீட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்தவர்கள். அப்பா கப்பலில் வேலை. அம்மா ரீக்காவும் கைக்குழந்தையும் பிஹ்லாவும்தான் வீட்டில். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சரிவில் அவர்களுடைய மஞ்சள் வீடு.

படத்தில் பெரிய செவ்வகம், நடுவில் சதுரமான கதவு, கதவுக்குள் சின்னச் சின்ன முக்கோணங்கள். எல்லாமே நீலம்.

"நெருப்புக்கு ஏம்மா நீலம் அடிச்சிருக்க? சிவப்பு பென்சில் இல்லையா?"

"சிவப்பு இருக்கு. ஆனா காலையில நீலமாத்தான் ஆடிச்சு. நான் பாத்தேனே."

"புகைபோக்கிக்குக் குறுக்க ஒரு கோடு போட்டிருக்கியே, அது என்ன?"

"அது தகடு. சூடு வெளிய போயிடுதுன்னு அம்மா உள்ள தள்ளி மூடிட்டாங்க."

தணலின் மேல் ஆடும் நீலச் சுடர் அடங்கும்வரை தகட்டைத் தொடக் கூடாது என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். மூடினால் மணமோ நிறமோ இல்லாத நச்சுக்காற்று வீட்டை நிரப்பிவிடும். மாடிக் குடியிருப்பில் வெந்நீர்க் குழாய்ச் சூட்டில் வாழ்ந்தவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"அம்மா இப்ப என்ன பண்றாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"தலைவலின்னு பாப்பாவோட படுத்துட்டாங்க. எனக்கும்தான் வலிச்சுது. வெளிய வந்ததும் போயிடுச்சு."

ரீக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சமையலறைக்கு ஓடினேன். பள்ளிச் சமையல்காரி தெர்த்து கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்களப் பாத்துக்க. ஆம்புலன்சுக்குச் சொல்லு. மஞ்சள் வீடு, அடுப்பு நச்சுக்காற்று."

தெர்த்து கரண்டியைக் கீழே போட்டாள். "ஐலா, நீ தனியா உள்ள போகாதடி. நீயும் விழுந்துருவ."

அவள் சொன்னது சரிதான். ஆனால் ஆம்புலன்ஸ் பக்கத்து நகரத்திலிருந்து வர வேண்டும். கோட்டு கூடப் போடாமல் பனியில் ஓடினேன். முழங்கால்வரை புதைந்தது. வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. தட்டினேன், கத்தினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியைவிடப் பயங்கரமான ஒன்றை நான் கேட்டதில்லை.

வாசலில் சாய்த்திருந்த பனி அள்ளும் மண்வாரியால் சன்னலை அடித்து உடைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே குதித்தேன். முதலில் குழந்தை. அதை அள்ளி, வாசல் கதவைத் திறந்து, என் கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சுற்றிப் படியில் கிடத்தினேன். கன்னம் சிவந்திருந்தது. அழவில்லை. அங்கேயே நிற்கவா, ரீக்காவிடம் போகவா? எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

ரீக்கா கனத்தாள். அக்குளில் கை கொடுத்துத் தரையோடு இழுத்தேன். பாதி வழியில் மூச்சு தாங்காமல் அந்தக் காற்றையே இழுக்க வேண்டியதாயிற்று. தலை கிறுகிறுத்தது. வாசற்படியைத் தாண்டிய நேரம், பக்கத்திலிருந்து மெல்லிய சிணுங்கல் கேட்டது. பிறகு குழந்தை வீறிட்டு அழுதது. ரீக்கா இருமினாள், வாந்தி எடுத்தாள்.

"பாப்பா..." என்றாள்.

"அழறா. கேளு, நல்லா அழறா."

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவருக்கும் முகமூடி மாட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஒருவர் ஆரம்பித்தார். போதும் என்று கை காட்டினேன்.

பள்ளிக்குத் திரும்பியபோது பிஹ்லா தெர்த்துவின் மடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எழுந்தாச்சா?"

"எழுந்துட்டாங்க. டாக்டர்கிட்ட போயிருக்காங்க, பாப்பாவும்தான். சாயந்திரம் நாம போய்ப் பாக்கலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி கஞ்சி கேட்டாள். நான் துணி மாட்டும் அறைக்குள் போய், பிள்ளைகளின் ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தேன். அவற்றை ஒவ்வொரு ஜோடியாக எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.