வாசலில் நின்ற லாரி

அரவேணு மலைக் குளிரில் எண்ணெய் உறைந்து போயிருந்தது. கோகிலவாணி பாட்டிலை வெந்நீர்ச் சட்டிக்குள் நிறுத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் இறந்துபோன அப்பாவைக் குளிப்பாட்டக் கிடத்தியிருந்தார்கள். தலைக்கு வைக்கக் கடை நல்லெண்ணெய் போதும் என்றார்கள் உறவுக்காரர்கள். அவள் கேட்கவில்லை. நாற்பது வருடமாக ஊர் இடுப்பையெல்லாம் நிமிர்த்திய ராஜரத்தினத்துக்கு அவர் காய்ச்சிய எண்ணெய்தான் கடைசியிலும் வேண்டும். அது அவளுடைய பிடிவாதம்.

வீட்டின் முன்பக்கத்து அறைதான் 'தெய்வம்மா வைத்தியசாலை'. தெய்வம்மா அவளுடைய அம்மா. சிலோனிலிருந்து வந்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியேறிய சில வருடங்களில் வயிற்று வலியில் செத்துப்போனாள். கோகிலாவுக்கு அப்போது ஐந்து வயது.

"அன்னைக்கு எஸ்டேட் லாரி மட்டும் வந்திருந்தா எம் பொண்டாட்டி பொழைச்சிருப்பா. இனி ஒருத்தரும் லாரிக்குக் காத்துக் கெடக்கக் கூடாதுன்னுதான் இத ஆரம்பிச்சேன்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கொழுந்து பறித்து முதுகு போன பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இந்தப் பேச்சை நம்பித்தான் கோயமுத்தூரில் கிடைத்த நர்சிங் சீட்டை அவள் வேண்டாம் என்றாள். வந்த வரன்களையும் அப்படியே அனுப்பினாள்.

எண்ணெய் இளகியது. சாவு வழக்கப்படி புறங்கையில் ஊற்றிக்கொண்டு அப்பாவின் தலைமாட்டுக்கு வந்தாள். அம்மாவோடு ஒரே கப்பலில் வந்த சின்னம்மை அப்போதுதான் ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"லொறி வந்து வாசல் நிக்க, என் அண்ணாவே
போன்னு கைய வீசுனியே
எண்ணெ போதுமுன்னு சொன்னியே, என் அண்ணாவே
எந்தங்கம் விடியலையே..."

சுற்றி நின்ற கிழவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒப்பாரி வைக்கிறவள் வாயை யார் பொத்துவது?

கோகிலாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அத்தை, லாரி வந்துச்சா?"

சின்னம்மை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பாட்டு வேகத்தில் வந்துவிட்டதை இனி விழுங்க முடியாது.

"அரை மணி நேரம் நின்னுச்சு தாயி. தூக்கிட்டுப் போலாம்னு நான்தான் உள்ள வந்தேன். 'எங்கைய நம்பாதவ ஊட்டுக்குள்ள வராத'ன்னு உங்கப்பா கதவச் சாத்திட்டாரு. விடியக் காலைல அவ போய்ட்டா."

"இத்தனை வருசமா ஏன் அத்தை சொல்லல?"

"எங்க முட்டியையும் முதுகையும் அந்தக் கைதான பாத்துச்சு? ஆரு சொல்லுவா?"

லயமே சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறது. அந்தச் சோற்றை இத்தனை காலம் தின்றவள் அவள். அழுகை வரவில்லை.

"எண்ணெய வைம்மா, எடுக்க நேரமாச்சு" என்றார் ஒருவர்.

அப்போது கீழ் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒருவன் மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி படியேறி வந்தான். சாவு வீடு என்று தெரிந்ததும் தயங்கி நின்றான்.

"தெரியாம வந்துட்டமுங்க. ரெண்டு நாளா இவளுக்கு வயித்து வலி. அய்யா எண்ணெ மட்டும் கொஞ்சம் குடுத்தீங்கன்னா போதுமுங்க..."

"ஒரு பாட்டில் குடுத்து அனுப்பு புள்ள" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

கோகிலா அந்தப் பெண்ணை முன்னறைப் பெஞ்சில் படுக்கவைத்தாள். எண்ணெய் படாத கையால் வலப்பக்க அடிவயிற்றை மெல்ல அழுத்தி எடுத்தாள். அந்தப் பெண் வீறிட்டாள். உடம்பு கொதித்தது.

வாசலுக்கு வந்தாள். அப்பாவைக் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக லிங்கசாமியின் ஜீப் பூ கட்டி நின்றிருந்தது.

"லிங்கசாமி அண்ணா, இவங்கள ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"பொணத்த வெச்சுக்கிட்டா? நல்லாருக்குமா கோகிலா?"

"அவரு இருக்கட்டும்."

புருஷனும் பெண்சாதியும் பின்னால் ஏறினார்கள். செவ்வந்தி மாலையைக் கழற்றக்கூட லிங்கசாமி நிற்கவில்லை. தேயிலைக்கு நடுவே ஜீப் வளைவு திரும்பி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் ஓய்ந்ததும் அப்பாவின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். புறங்கையில் எண்ணெய் மறுபடியும் வெள்ளையாக உறைந்திருந்தது.